மணியில் உபயதாரர் பெயர் இருக்கிறது, வார்த்தவர் பெயர் எங்கே?

வாசகர் கேள்வி - பதில்

இந்த இதழில் வருவதெல்லாம் மணியைப் பற்றிய கேள்விகள்தான். செட்டிநாட்டுக் கோயில் மணிகளைப் பற்றி முன்பு ஒரு சின்னப் பதில் எழுதியிருந்தேன், அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம்ண்ணே. என் தாத்தா 50 வருஷத்துக்கு மேல் வெண்கல மணி வார்த்தவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ கோயில்களில் அவர் செய்த மணி தொங்குகிறது. போன ஆவணியில் காலமாகிவிட்டார், தலைத்திவசம் வருகிறது. சித்தப்பா, பெரிய படம் ஒன்று திறந்து அன்னதானம் போடலாம் என்கிறார். அப்பா, கருப்பர் கோயிலுக்கு அவர் பெயரில் ஒரு மணி வாங்கிக் கட்டலாம் என்கிறார். அப்பத்தாவைக் கேட்டால் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். பட்டறை பூட்டியே கிடக்கிறது. எதைச் செய்தால் தாத்தாவுக்கு மரியாதை?
- ஒரு பேத்தி, கல்லல்

பதில்: அம்மா, அப்பா சொல்வதும் சித்தப்பா சொல்வதும் நல்ல காரியம்தான், இரண்டையும் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு 100 பக்க நோட்டு வாங்கி, தாத்தா வார்த்த மணி எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கோயிலில் தொங்குகிறது என்று எழுத ஆரம்பியுங்கள். இன்றைக்கே ஆரம்பித்தால் நல்லது, ஏனென்றால் இது மனிதர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிற கணக்கு.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர் ஐயனார் கோயிலுக்கு மணி வார்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். உள்ளே களிமண்ணில் கரு, அதன் மேல் குங்கிலியம் சேர்த்த தேன்மெழுகை மணியின் கனத்துக்குப் பூசி, மெழுகிலேயே எழுத்தையும் வளையத்தையும் ஒட்டி, அதற்கு மேல் மாவு மாதிரி சலித்த வண்டல் மண்ணை முதல் பூச்சாகவும், மணல் கலந்த முரட்டு மண்ணை அடுத்தடுத்த பூச்சாகவும் போட்டு, கம்பி சுற்றிக் காய வைத்திருந்தார்கள். மெழுகை உருக்கி வடித்த பிறகு சூடு ஆறாமல் அச்சைக் குழியில் இறக்கி, உலோகம் உருக்குகிற மூசையிலிருந்து உலோகத்தை ஊற்றினார்கள். ஊற்றும்போது யாரும் பேசக் கூடாது என்று அந்தப் பெரியவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஊற்றுகிற ஓசை மாறுவதை வைத்தே அச்சு நிரம்பியதா என்று கண்டுபிடித்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும், நிறுத்தினால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்துவிடும். அதனால் உலோகம் குறையவே கூடாது. அதற்கான கணக்கும் அவர் கையில் இருந்தது, பூசிய மெழுகை எடை போட்டு அதைப் போல ஏறக்குறைய 9 மடங்கு உலோகம், அப்புறம் கழிவுக்குக் கொஞ்சம். மறுநாள் மண்ணை உடைத்து மணியை எடுத்தார்கள். அச்சு உடைந்தால்தான் மணி வெளியே வரும், ஆகவே ஒரு அச்சுக்கு ஒரு மணிதான், அதைப் போல இன்னொன்று கிடையாது.

அந்த மணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் தோளில் உபயம் கொடுத்தவருடைய விலாசம், அதாவது அப்பச்சி, ஐயா என்று தலைமுறை வரிசையாக வரும் முதலெழுத்துகள், பிறகு அவர் பெயர், ஊர், தமிழ் வருஷம் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. ஆனால் வார்த்தவர் பெயர் இல்லை. எனக்கும் தெரியாது. ஊரே அவரை 'மணிக்காரர்' என்றுதான் கூப்பிட்டது, நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் சொல்வதற்கு ஆள் இல்லை. இது எனக்குப் பல வருஷமாக மனதில் கிடக்கிற வருத்தம், உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அதுதான் முன்னால் வந்து நின்றது.

உபயதாரர் பெயர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பணம் கொடுத்தவர் இல்லாமல் மணி இல்லை, நம் பக்கத்துக் கோயில்கள் எல்லாமே அப்படி வளர்ந்தவைதான். ஆனால் வேலை செய்தவர் பெயரையும் கூடவே எழுதுவது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்கிற இராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது, ஆடல் மகளிர் 400 பேரின் பெயரும் ஒவ்வொன்றாக இருக்கிறது. லண்டனில் 'பிக் பென்' என்கிற பெரிய மணியில், இதை வார்த்தவர் ஒயிட்சாப்பல் ஜார்ஜ் மியர்ஸ், ஆண்டு 1858 என்று மணியோடு மணியாகவே வார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 'லிபர்ட்டி பெல்' மணியில் பாஸ், ஸ்டோ என்ற இரண்டு வார்ப்புக்காரர்களின் பெயரும் இருக்கிறது. மெழுகில் இன்னும் ஒரு வரி எழுத்து ஒட்டினால் முடிந்துபோகிற வேலை இது.

சரி, எங்கே தேடுவது? முதலில் அப்பத்தாவிடம் உட்காருங்கள். எதைச் செய்யலாம் என்று கேட்டால் அவர் பேசமாட்டார். தாத்தா வார்த்ததில் பெரிய மணி எந்த ஊருக்குப் போனது, எது முதல் தடவை சரியாக வராமல் உடைத்து மறுபடி வார்த்தது, மண் யார் சலித்தது, மெழுகு யார் பிசைந்தது என்று கேளுங்கள். அந்தப் பட்டறையில் அவர் கையும் பாதி இருந்திருக்கும், அதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், அவர் பெயரையும் அந்த நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது கோயில் கணக்கு. நகரத்தார் கோயில்களிலும் பெரிய வீடுகளிலும் காலணா செலவானாலும் எழுதி வைக்கிற வழக்கம் உண்டு. திருப்பணிக் கணக்கில் செம்பு இத்தனை, வெள்ளீயம் இத்தனை, வார்ப்புக் கூலி இன்னாருக்கு இவ்வளவு என்று ஒரு வரி இருக்க வாய்ப்பிருக்கிறது. மணியில் விடுபட்ட பெயர் கூலிக் கணக்கில் கிடைக்கலாம். காரியக்காரர்களிடம் பொறுமையாகக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

மணியைக் கண்டுபிடித்ததும் வாய் அகலம், உயரம், விளிம்பின் கனம், எழுத்து இருந்தால் எழுத்து, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் ஓசை. ஒரு மணிக்காரரின் கையெழுத்து அதில்தான் இருக்கிறது. கோயிலில் கூட்டம் இல்லாத மத்தியானமாகப் போய், ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, மணியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி போனை வைத்து, ஒரே ஒரு அடி. பிறகு ஓசை முழுசாக அடங்குகிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது, செருப்புச் சத்தம்கூட வேண்டாம். மூன்று தடவை எடுங்கள். போனில் இரைச்சல் குறைக்கிற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கடைசியில் இழைகிற கார்வையை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். திவசத்தன்று வந்தவர்களுக்கு அந்த ஓசைகளை ஒவ்வொன்றாக, ஊர் பெயர் சொல்லிப் போட்டுக் காட்டுங்கள். படத்தைத் திறப்பதாக இருந்தால் அப்போதே திறக்கலாம்.

பட்டறையைப் பற்றி ஒரு வேண்டுகோள். பழைய இரும்பு, பித்தளை விலைக்கு எதையும் போட்டுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளுக்கு எப்போதும் ஆள் உண்டு, கையில் காசும் வரும், ஆனால் மணியின் வளைவை வெட்டி வைத்த பலகைத் துண்டு ஒன்று கிடந்தால் அதைத் தவறியும் விற்கவோ அடுப்பில் வைக்கவோ கூடாது. தாத்தாவின் மணி ஏன் அந்த மாதிரி ஒலித்தது என்பதற்கு அந்தப் பலகைதான் சாட்சி. அவரிடம் கை வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கூப்பிட்டு ஒவ்வொரு சாமானையும் எடுத்துக் காட்டி, இது எதற்கு என்று கேட்டு வீடியோ எடுங்கள்.

அப்பாவுக்கும் ஒன்று சொல்லுங்கள். கருப்பருக்கு மணி கட்டுவது சரிதான், ஆனால் கடையில் வாங்கிக் கட்ட வேண்டாம். விற்காமல் கிடக்கிற தாத்தாவின் மணி பட்டறையில் ஒன்றாவது இருக்கும். அதைக் கட்டுங்கள். அதில் அவர் பெயரையும் 'வார்த்தவர்' என்ற சொல்லையும் உளியால் பொறிக்கலாம், தோள் பக்கம் மெல்லிசாகப் பொறித்தால் ஓசைக்கு ஒன்றும் ஆகாது. விளிம்பில் மட்டும் கை வைக்கக் கூடாது, ஓசை பிறக்கிற இடம் அது.

கேள்வி: மணிக்குத் தங்கம் போட்டால்தான் நல்ல நாதம் வரும் என்கிறார்களே, உண்மையா? பஞ்சலோக மணிதான் உயர்ந்ததா?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: தம்பி, உலையில் தாலிக் குண்டு, மூக்குத்தி என்று போடுகிறவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன், ஆனால் நாதம் அதனால் வருவதில்லை. தங்கம் மென்மையான உலோகம், அந்தத் துளி அளவு ஓசையை ஏற்றவும் செய்யாது இறக்கவும் செய்யாது. நாதத்துக்குக் காரணம் வெள்ளீயம். 100 பங்கில் செம்பு 78, வெள்ளீயம் 22 என்கிற அளவை ஒட்டித்தான் உலகம் முழுக்க நல்ல மணிகள் வார்க்கப்படுகின்றன. வெள்ளீயம் குறைந்தால் ஓசை சீக்கிரம் செத்துவிடும், ரொம்பக் கூடினால் கண்ணாடி மாதிரி உடையும். செம்பு உருக 1085 டிகிரி சூடு வேண்டும், வெள்ளீயத்துக்கு 232 போதும். அதனால் செம்பு நன்றாக உருகிய பிறகு கடைசியில்தான் வெள்ளீயத்தைப் போடுவார்கள், முதலிலேயே போட்டால் எரிந்து கசடாகப் போய்விடும். பஞ்சலோகம் சிலைக்கானது, உளி இறங்குகிற மாதிரி மென்மையாக இருக்க வேண்டும். அதில் ஈயம் சேர்ந்திருந்தால் ஓசை இன்னும் மந்தமாகும். சிலையைத் தட்டி யார் நாதம் கேட்கப் போகிறார்கள்?

இன்னொன்று, நீங்கள் கணக்கு படிக்கிறவர் என்பதால் சொல்கிறேன். அதே வடிவத்தில் எல்லா அளவையும் இரட்டிப்பாக்கினால் மணியின் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், ஆனால் உலோகம் 8 மடங்கு வேண்டும். பெரிய மணிக்கு ஏன் ஊரே சேர்ந்து செம்பு கொடுக்க வேண்டியிருந்தது என்பது இதில் இருக்கிறது. மணி வாய் வட்டம் துளி கோணலானாலும் ஓசை நேராக நிற்காமல் அலை அலையாக வரும். சிலருக்கு அது குறையாகத் தெரியும், எனக்கு அந்த அலைதான் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவில் கொண்டுவிற்று, அதாவது வியாபாரம் செய்து, திரும்பும்போது கொண்டுவந்த பூசை மணி. இப்போது அடித்தால் ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வருகிறது, கீறல் என்கிறார்கள். பற்றவைக்கலாமா, உருக்கி வார்க்கலாமா?
- ஒரு ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, கீறல் என்று முடிவு செய்வதற்கு முன்னால் கைப்பிடியின் மரையையும் நாக்கு தொங்குகிற கொக்கியையும் பாருங்கள், இரண்டில் ஒன்று தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். நாக்கைக் கழற்றிவிட்டு, மணியை ஒரு நூலில் தொங்கவிட்டு, மரக்கரண்டிக் காம்பால் விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். அப்போது தெளிவாக ஒலித்தால் மணியில் குறையில்லை.

கீறல்தான் என்றால் சாதாரணப் பற்றவைப்பு வேண்டாம். வேறு உலோகத்தை வைத்து ஒட்டினால் பார்வைக்கு மூடும், நாதம் திரும்பாது. உருக்கி வார்க்கலாம், உருகும்போது குறைகிற வெள்ளீயத்தைக் கொஞ்சம் சேர்த்தால் நல்ல ஓசையும் வரும், ஆனால் ஐயா கையில் பிடித்த மணி அது இல்லை. நானாக இருந்தால் அப்படியே பூசை அறையில் வைத்து, வேறொரு மணியை அடிப்பேன். பிக் பென் 1859-இல் வேலைக்கு வந்து இரண்டே மாதத்தில் கீறிவிட்டது. மணியைக் கொஞ்சம் திருப்பி வைத்து, சுத்தியலின் எடையைக் குறைத்து, அந்தக் கீறலோடுதான் இன்றுவரை அடிக்கிறார்கள்.

பர்மா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மாண்டலேயிலிருந்து ஐராவதி ஆற்றில் படகில் போனால் மிங்குன் என்கிற ஊரில் ஒரு மணி இருக்கிறது, 1808-இல் வார்த்தது, எடை 55,555 வீசை, சுமார் 90 டன். வீசை என்பதை அவர்கள் 'விஸ்' என்கிறார்கள், பர்மா வீசை நம் வீசையைவிடக் கொஞ்சம் கூடுதல். 1839 நிலநடுக்கத்தில் தாங்குமரம் சரிந்து அந்த மணி கீழே இறங்கிவிட்டது, 1896-இல்தான் தூக்கிக் கட்டினார்கள். அத்தனை வருஷம் தரையில் கிடந்தும் இன்றைக்கும் ஒலிக்கிறது. உங்கள் ஐயா அதைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: நியூசிலாந்தில் தமிழ் எழுத்துள்ள மணி இருக்கிறதாமே?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி, மாவோரி மக்கள் அதைக் கவிழ்த்துப் பானையாக வைத்து உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வாங்கினார். உண்மையில் அது ஒரு மணியின் மேல்பகுதி, கீழ் விளிம்பு உடைந்துபோனது, ஒரு சாண் உயரம்கூட இல்லை. இப்போது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பழைய தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறது. அங்கேயும் சொந்தக்காரர் பெயர்தான், வார்த்தவர் பெயர் கிடையாது.

கேள்வி: எங்கள் கோயிலுக்கு ஒருவர் மின்சார மேளம் உபயம் தருகிறார். பழைய வெண்கல மணியிலும் ஒரு மோட்டாரை மாட்டிவிட்டால் மணி அடிக்க ஆள் தேட வேண்டாம் என்று கமிட்டியில் பேச்சு. உங்கள் கருத்து?
- கமிட்டி உறுப்பினர், புதுவயல்

பதில்: மேள இயந்திரத்தை வாங்குவது உங்கள் விருப்பம், ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் பழைய மணியில் மோட்டாரை மாட்டாதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். கையால் கயிற்றை இழுக்கிறவன் மணி அடங்குகிற வரை பார்த்து அடுத்த அடி கொடுப்பான், அவன் கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். இயந்திரம் ஒரே இடத்தில், ஒரே வேகத்தில், கார்வை எழும்புவதற்குள் அடுத்த அடி அடிக்கும். விளிம்பு அந்த இடத்தில் குழியும், கடைசியில் கீறும். தேவகோட்டை ஆச்சிக்கு எழுதியதைப் படித்திருப்பீர்கள், கீறின மணிக்கு வைத்தியம் லேசில் இல்லை. சாயரட்சைக்கு வருகிற பிள்ளைகளிடம் கயிற்றைக் கொடுங்கள், முறை வைத்து அடிக்கட்டும், அடித்துப் பிடித்து ஓடி வருவார்கள்.

இப்போதே பழைய மணியின் நாக்கு ஒரே பக்கம் தேய்த்துக் குழி விழுந்திருந்தால், மணியை இறக்கிக் கால் சுற்று திருப்பித் தொங்கவிடுங்கள், புது இடத்தில் அடி விழும். நாக்கு மணியைவிடக் கடினமான எஃகாக இருக்கக் கூடாது, மெல்லிய இரும்புதான் சரி. புளி போட்டு மேலே தேய்க்கலாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். அப்படி மணியை இறக்கும்போது உள்பக்கமும் தோள் பக்கமும் துடைத்துப் பாருங்கள். உங்கள் ஊரும் கல்லலும் ஒரே வட்டாரம்தான், அது அந்தப் பெண்ணின் தாத்தா வார்த்ததாகக்கூட இருக்கலாம். திருப்பணிக் கணக்கையும் ஒரு தடவை புரட்டுங்கள், கூலி வாங்கியவர் பெயர் கிடைத்தால் இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், நான் கல்லலுக்கு அனுப்பிவிடுகிறேன்.